வேலைக்கும் வியாபாரத்துக்கும் ஆங்கிலச் சொற்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மாலை வேளைகளில் வேலைக்கான ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்புக்கு வருபவர்கள் பலவகை. சீனக்குடாவில் ஆலை வேலைக்குச் செல்பவர்கள், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வரவேற்பு மேசையில் நிற்பவர்கள், மத்திய வீதியில் கடை வைத்திருப்பவர்கள், உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்த பிள்ளைகள், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகிறவர்கள். தொழில் வேறுவேறாக இருந்தாலும் சந்தேகங்கள் ஒன்றாகவே வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

1. எனக்கு இலக்கணமே இன்னும் சரியாக வரவில்லை டீச்சர். அதை முடிக்காமல் தொழில் சொற்களைத் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். வேலைத்தளத்தில் முதலில் தேவைப்படுவது கையில் கொடுக்கப்பட்ட தாளை வாசித்து விளங்கிக்கொள்வது. ஒரு இன்வாய்ஸையோ சம்பளச் சீட்டையோ எடுத்துப் பாருங்கள். முழு வாக்கியம் ஒன்றுகூட இருக்காது. பெயர்ச்சொற்களும் இலக்கங்களும்தான் இருக்கும். அவற்றை வாசிக்க இலக்கணம் காத்திருக்க வேண்டியதில்லை.

பதில் கடிதமோ மின்னஞ்சலோ எழுத வேண்டிய நாள் வரும்போது இலக்கணம் தேவைப்படும். அப்போது சொற்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் இலக்கணம் பிடிபடுவதும் எளிது.

2. கடையில் வாங்கிய சொற்புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் பாடமாக்குகிறேன். ஏன் மனதில் நிற்கவில்லை?

அகரவரிசை தேடுவதற்கு உதவும், கற்பதற்கு உதவாது. அது ஒன்றோடொன்று சேர்ந்து வாழும் சொற்களைப் பிரித்து, தொடர்பே இல்லாத சொற்களை அருகருகே வைக்கிறது. ஓடரும் டெலிவரியும் பேமென்டும் ஒரே வியாபாரத்தின் மூன்று கட்டங்கள். புத்தகத்தில் அவை மூன்று மூலைகளில் கிடக்கும்.

அதற்குப் பதிலாக, ஒரு பொருளை வாங்குபவர் விலை கேட்கும் நேரத்திலிருந்து விற்றவரின் கையில் காசு வந்து சேரும் நேரம் வரைக்கும் என்னென்ன தாள்கள் கைமாறுகின்றன என்று பின்தொடருங்கள். உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ உள்ள உண்மையான தாள் ஒன்றை எடுத்து, தெரியாத சொற்களில் ஐந்தை மட்டும் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு கிழமை கழித்தும் பொருளை மறைத்து வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுக்க முயல்வதுதான் சொல்லை நிலைநிறுத்துகிறது.

3. கொட்டேஷன், இன்வாய்ஸ், ரிசீட், ஸ்டேட்மென்ட், எல்லாமே "பில்" தானே? ஏன் இத்தனை பெயர்?

நாம் பேச்சில் எல்லாவற்றையும் பில் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அலுவலகத்தில் இவற்றை மாற்றிச் சொன்னால் காசு விஷயத்தில் சிக்கல் வரும். ஒரு விடுதிக்கு இருபது மின்விசிறி தேவை என்று வைத்துக்கொள்வோம். விடுதி, கடையிடம் விலை கேட்பது என்குவாரி. கடை, "இன்ன விலைக்குத் தருவேன், இந்த விலை இன்ன திகதி வரை செல்லும்" என்று எழுதிக் கொடுப்பது கொட்டேஷன். இதுவரை எவரும் எவருக்கும் கடன்படவில்லை. விடுதி "அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்பது பேர்ச்சஸ் ஓடர். பொருளோடு லொறியில் வருவது டெலிவரி நோட். அதில் பெரும்பாலும் விலை இருக்காது, எண்ணிக்கைதான் இருக்கும். பொருளை எண்ணிப் பார்த்த பிறகே அதில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டபின் இரண்டு குறைகிறது என்றால் யாரும் எளிதில் ஏற்கமாட்டார்கள்.

அடுத்து இன்வாய்ஸ். "இவ்வளவு காசு தர வேண்டும்" என்று விற்றவர் கேட்கும் தாள் இது. காசு கொடுத்த பின்னர் "பெற்றுக்கொண்டேன்" என்று அவர் தருவது ரிசீட், நம் பற்றுச்சீட்டு. இன்வாய்ஸைக் காட்டி "நான் காசு கட்டிவிட்டேன்" என்று வாதாட முடியாது. ரிசீட்டைக் காட்டினால்தான் முடியும். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இரண்டு மின்விசிறிகள் பழுது என்று திருப்பி அனுப்பினால், அந்தத் தொகையைக் குறைத்து விற்றவர் தருவது கிரெடிட் நோட். மாத முடிவில் எல்லா இன்வாய்ஸ்களையும், கட்டிய காசையும், மீதியையும் ஒரே தாளில் போட்டு அனுப்புவது ஸ்டேட்மென்ட்.

இன்வாய்ஸில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். வரி இன்க்ளூசிவ் என்றால் விலைக்குள் வரி அடக்கம். எக்ஸ்க்ளூசிவ் என்றால் வரி தனியே சேரும். 2024 ஜனவரியிலிருந்து இலங்கையில் பெறுமதி சேர் வரி 18 வீதம். ஆகவே 10,000 ரூபாய் எக்ஸ்க்ளூசிவ் என்று எழுதியிருந்தால் நீங்கள் கட்டப்போவது 11,800 ரூபாய்.

4. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துப் படிப்பது சரியா?

வாசகர் தடையின்றி வாசிக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பக்கத்தில் நானும் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். ஆனால் உங்கள் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். நம் எழுத்தில் "பில்" என்றால் கடைப் பில்லா, மருந்துக் குளிசையா என்று தெரியாது. "கோட்" என்றால் மேலங்கியா, ஆடா என்று தெரியாது. சந்தையிலும் மருந்துக் கடையிலும் இந்த மாற்றம் சங்கடத்தில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரிசீட் என்று நாம் சொல்லும் சொல்லில் ஒலிக்காத எழுத்து ஒன்று நடுவே இருக்கிறது. கடன் என்று பொருள்படும் டெட் என்ற சொல்லிலும் அப்படியே. காதால் மட்டும் கற்றவர் எழுதும்போது அந்த எழுத்தை விட்டுவிடுவார்; கண்ணால் மட்டும் கற்றவர் பேசும்போது அதையும் சேர்த்து ஒலிப்பார். அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டுக்கொண்டே ஆங்கில எழுத்தைப் பார்ப்பதுதான் வழி.

5. "ஐ ஹாவ் எ வேர்க்" என்று சொன்னேன், வெள்ளைக்காரர் சிரித்தார். என்ன பிழை?

வேர்க் என்பதும் ஜொப் என்பதும் தமிழில் "வேலை"தான். ஆனால் ஆங்கிலத்தில் ஜொப்பை எண்ணலாம், இந்தப் பொருளில் வேர்க்கை எண்ண முடியாது. ஆகவே ஒரு ஜொப், இரண்டு ஜொப் என்று சொல்லலாம். வேர்க்கின் முன் "ஒரு" என்பதைக் குறிக்கும் சொல் வராது. எக்விப்மென்ட், ஃபேர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபொர்மேஷன், அட்வைஸ் ஆகியவையும் இதே இனம். இவற்றின் கடைசியில் பன்மை எழுத்தைச் சேர்ப்பது பிழை. விடுதியில் வேலை செய்பவர்களுக்கு லக்கேஜ் நாள்தோறும் வாயில் வரும் சொல் என்பதால் இதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். சிரித்தவரை விட்டுவிடுங்கள்.

6. சொல்லின் பொருள் தெரிகிறது. ஆனால் வாக்கியத்தில் போட்டால் பிழை என்கிறார்கள். ஏன்?

ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கென்று ஒரு வினைச்சொல்லை வைத்திருக்கிறது. தமிழிலும் அப்படித்தானே? கையெழுத்தை இடுகிறோம், கடனைப் படுகிறோம், கடையை வைக்கிறோம். அங்கே ஓடரை பிளேஸ் செய்வார்கள், இன்வாய்ஸை இஷ்யூ செய்வார்கள், பேமென்டை மேக் செய்வார்கள், பிஸ்னஸை ரன் செய்வார்கள், டெட்லைனை மீட் செய்வார்கள். ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் வினையோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நம்மவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை டிஸ்கஸ் என்ற சொல்லில். அதன் பின்னால் அபவுட் வராது. "பற்றி" என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

7. சம்பளச் சீட்டில் ஒரு தொகை இருக்கிறது, கைக்கு வருவது வேறு தொகை. இடையில் உள்ள சொற்களை விளக்குவீர்களா?

பேசிக் என்பது அடிப்படைச் சம்பளம். அலவன்ஸ் என்பது அதற்கு மேல் தரும் கொடுப்பனவு. ஓவர்டைம் என்பது மேலதிக நேரக் கொடுப்பனவு. இவை எல்லாம் சேர்ந்தது கிரொஸ். அதிலிருந்து கழிப்பவை டிடக்ஷன்ஸ். கழித்தபின் கையில் வருவது நெட்.

கழிவுகளில் முக்கியமானது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது. இந்தக் கணக்குக்கு உட்படும் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் உங்களிடமிருந்து 4,000 கழியும். முதலாளி தன் பக்கத்திலிருந்து 6,000மும், நம்பிக்கை நிதிக்கு 1,500மும் கட்டுவார். சீட்டில் எம்ப்ளோயர் என்று இருப்பது முதலாளி, எம்ப்ளோயீ என்று இருப்பது நீங்கள். கடைசி எழுத்து மாறினால் பணம் யாருடையது என்பதே மாறிவிடுகிறது. ஆகவே அந்த வரிகளை விரலை வைத்து வாசியுங்கள்.

நெட் என்ற சொல் வேறு இடங்களிலும் வரும். மாப் பையில் நெட் வெயிட் என்றால் பை நீங்கலான நிறை. இன்வாய்ஸில் நெட் 30 என்றால் 30 நாட்களுக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும்.

8. எனக்குக் கருவாட்டு வியாபாரம். டேர்ன்ஓவர், ப்ரொஃபிட், மார்ஜின், மார்க்அப், எல்லாமே லாபம்தானா?

டேர்ன்ஓவர் லாபமே அல்ல. ஒரு மாதத்தில் விற்று வந்த மொத்தக் காசு அது. அதிலிருந்து மீன் வாங்கிய காசு, உப்பு, கூலி, வாகனச் செலவு எல்லாம் போனபின் மிஞ்சுவது ப்ரொஃபிட். வங்கியில் கடன் விண்ணப்பம் நிரப்பும்போது டேர்ன்ஓவர் கேட்ட இடத்தில் லாபத்தை எழுதினால் உங்கள் வியாபாரம் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும்.

மார்ஜினும் மார்க்அப்பும் ஒரே லாபத்தை இரண்டு பக்கத்திலிருந்து அளப்பவை. 800 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய்க்கு விற்றால் லாபம் 200. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அது 25 வீதம், அதுதான் மார்க்அப். விற்ற விலையோடு ஒப்பிட்டால் 20 வீதம், அது மார்ஜின். கொழும்பிலிருந்து மொத்தமாக வாங்குபவர் "உங்கள் மார்ஜின் என்ன?" என்று கேட்டால் 25 என்று சொல்லிவிடாதீர்கள்.

டிஸ்கவுண்டிலும் இரண்டு உண்டு. அதிக அளவு வாங்குபவருக்கு விலையிலேயே குறைப்பது டிரேட் டிஸ்கவுண்ட், பாடசாலையில் வியாபாரக் கழிவு என்று படித்தது. நேரத்துக்குக் காசு கட்டியவருக்குக் குறைப்பது கேஷ் டிஸ்கவுண்ட். முதலாவது கணக்கேட்டில் ஏறாது, இரண்டாவது ஏறும்.

9. நிலாவெளியில் விடுதி வேலைக்குப் போகிறேன். சீசன் தொடங்குமுன் எந்தச் சொற்கள் கட்டாயம் தெரிய வேண்டும்?

முதலில் ஹோட்டல் என்ற சொல்லையே சரிசெய்துகொள்ளுங்கள். நாம் சாப்பாட்டுக் கடையையும் ஹோட்டல் என்போம். வெளிநாட்டவருக்கு அது தங்குமிடம் மட்டுமே. "அந்த ஹோட்டலில் நல்ல கொத்துரொட்டி" என்று வழிகாட்டினால் அவர் அறை தேடுவார்.

வேகன்சி என்பது விடுதிப் பலகையில் காலி அறையையும் பத்திரிகையில் காலி வேலையையும் குறிக்கும். பெட் அண்ட் பிரேக்ஃபஸ்ட் என்றால் அறையும் காலைச் சாப்பாடும். ஹாஃப் போர்ட் என்றால் அவற்றோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. ஃபுல் போர்ட் என்றால் மூன்று வேளையும். டிபொசிட் என்பது முற்பணம். அது ரீஃபண்டபிளா, நொன்-ரீஃபண்டபிளா என்பதைப் பதிவு செய்யும் நேரத்திலேயே விருந்தினருக்குச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான சீசனில் வரவேற்பு மேசைச் சண்டைகளில் பல இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதால் வருபவை.

10. பொரோ, லெண்ட் இரண்டும் கடன்தான் என்கிறது அகராதி. எது எப்போது?

வாங்குபவர் பொரோ செய்கிறார், கொடுப்பவர் லெண்ட் செய்கிறார். வங்கி லெண்ட் செய்கிறது, நீங்கள் பொரோ செய்கிறீர்கள். வாடகையும் இப்படிக் குழப்பும்: புறாமலைக்குப் போகப் படகைச் சில மணிநேரத்துக்கு எடுப்பது ஹயர், வீட்டையோ அறையையோ மாத வாடகைக்கு எடுப்பது ரென்ட், கடையையோ காணியையோ ஆண்டுக்கணக்கில் எழுத்து மூலம் எடுப்பது லீஸ்.

11. "டென் லாக்ஸ்" என்று மின்னஞ்சலில் எழுதினேன். வெளிநாட்டுக் கொம்பனிக்கு விளங்கவில்லை. ஏன்?

லட்சம் என்ற எண்முறை நம் பக்கத்து ஆங்கிலத்தில்தான் உண்டு. வெளிநாட்டுக்கு எழுதும்போது பத்து லட்சத்தை ஒரு மில்லியன் என்றும், ஒரு லட்சத்தை நூறு ஆயிரம் என்றும் எழுதுங்கள். தொகையை இலக்கத்திலும் சொல்லிலும் எழுதுவது இன்னும் பாதுகாப்பு.

ஸ்டொக் என்ற சொல்லும் இப்படி இடத்துக்கு இடம் மாறும். பிரித்தானிய வழியில் வந்த நம் ஆங்கிலத்தில் அது கடையில் உள்ள சரக்கு. அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் பங்கு. சரக்கை அவர்கள் இன்வென்டரி என்பார்கள்.

12. துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., பில் ஒஃப் லேடிங் என்றால் என்ன?

கோதுமையும் சீமெந்துக்கான மூலப்பொருளும் கப்பலில் வந்து இறங்கும் ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. எஃப்.ஓ.பி.யில் விற்பவர் ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கொடுக்கிறார். அதன்பின் கப்பல் கட்டணமும் காப்புறுதியும் வாங்குபவரைச் சேர்ந்தவை. இதன் பின்னால் ஏற்றும் துறைமுகத்தின் பெயர் வரும். சி.ஐ.எஃப்.பில் விலைக்குள் காப்புறுதியும் கப்பல் கட்டணமும் அடக்கம். பின்னால் இறங்கும் துறைமுகத்தின் பெயர் வரும். இந்தச் சுருக்கங்களின் பொருளைச் சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் இன்கோடேர்ம்ஸ் என்ற பெயரில் வகுத்து வருகிறது.

நேர்முகத்தில் நன்றாகப் படித்தவர்களையும் தடுமாறவைக்கும் இடம் ஒன்று உண்டு. சி.ஐ.எஃப். திருகோணமலை என்று இருந்தால், சரக்கு இங்கு வரும்வரை பொறுப்பு விற்பவருடையது என்று நினைத்துவிடுவோம். செலவுதான் அவருடையது. சரக்குக்கு நேரும் சேதத்தின் பொறுப்பு, அது அங்கே கப்பலில் ஏறியதுமே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் நனைந்தால் வாங்கியவர்தான் காப்புறுதியிடம் போக வேண்டும்.

பில் ஒஃப் லேடிங் காசு கேட்கும் பில் அல்ல; மூன்றாம் கேள்வியில் சொன்ன வரிசையில் அதைச் சேர்க்காதீர்கள். சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கப்பல் தரப்புத் தரும் சான்று அது. ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்கும் அதுவே சான்று. அதோடு, சரக்கின் உரிமையைக் கைமாற்ற உதவும் ஆவணமும் அதுதான். ஏற்றி இறக்க ஒத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் கப்பல் தாமதித்தால் கட்ட வேண்டிய தொகைக்கு டெமரேஜ் என்று பெயர்.

13. பாடசாலையில் காசு வந்தால் டெபிட் என்று படித்தேன். வங்கியோ காசு போனால் டெபிட் என்கிறது. தமிழ்நாட்டுக் காணொளியில் தமிழ்ச் சொல்லே மாறியிருக்கிறது. யார் சொல்வது சரி?

மூவரும் சரி. உங்கள் கணக்கேடு உங்கள் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது. வங்கியில் காசு போட்டால் உங்கள் சொத்து கூடுகிறது, ஆகவே உங்கள் ஏட்டில் வங்கிக் கணக்கு டெபிட். வங்கியின் ஏடு வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது. நீங்கள் போட்ட காசு அது உங்களுக்குத் திருப்பித்தர வேண்டிய கடன். கடன் கூடினால் கிரெடிட். வங்கி ஸ்டேட்மென்ட் வங்கியின் ஏட்டின் பிரதி என்பதால், உங்கள் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

தமிழ்ச் சொற்களில் உள்ள சிக்கல் இதைவிட ஆபத்தானது. இலங்கைப் பாடநூல்களில் டெபிட் என்பது வரவு, கிரெடிட் என்பது செலவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. அதாவது வரவு என்ற ஒரே சொல் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் எதிரெதிர்ப் பக்கத்தைக் குறிக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்குள்ள காணொளிகளைப் பார்ப்பதில் தவறில்லை. அவை பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பார்க்கும்போது தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லை மட்டும் காதில் வாங்குங்கள்.

கிரெடிட்டுக்கு இன்னும் பொருள்கள் உண்டு. ஒன் கிரெடிட் என்றால் கடனுக்கு. அதேபோல அவுட்ஸ்டாண்டிங் என்று ஆசிரியர் சொன்னால் மிகச் சிறப்பு. இன்வாய்ஸில் இருந்தால் இன்னும் கட்டாத பாக்கி. ஓவர்டியூ என்றால் தவணையும் கடந்துவிட்ட பாக்கி.

14. வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாளைக்கே கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். எந்தச் சொற்களைப் பார்ப்பது?

முதலில் சம்பளம். ஏழாம் கேள்வியில் சொன்ன பேசிக், அலவன்ஸ், கிரொஸ் ஆகியவற்றில் எதை முகவர் வாயால் சொன்னார், எது தாளில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அப் டு என்ற சொற்கள் தொகைக்கு முன்னால் இருந்தால் அது உச்ச வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே எவ்வளவும் தரலாம். ப்ரொபேஷன் என்பது தகுதிகாண் காலம், நோட்டிஸ் பீரியட் என்பது விலகுமுன் அறிவிக்க வேண்டிய காலம். டெர்மினேட் என்றால் வேலையை முடிவுறுத்துவது. அதை யார் செய்யலாம், எந்தக் காரணத்துக்காக என்பதைத் தேடுங்கள்.

சிறிய சொற்களில்தான் அதிக எச்சரிக்கை தேவை. ஷல் என்றால் கட்டாயம் செய்வார், மே என்றால் விரும்பினால் செய்வார். முதலாளி ஓவர்டைம் "மே" தருவார் என்று இருந்தால் தராமலும் விடலாம். சப்ஜெக்ட் டு என்றால் பின்னால் வரும் நிபந்தனைக்கு உட்பட்டது. அக்கொமொடேஷன் ப்ரொவைடட் என்றால் தங்குமிடம் தரப்படும். ஆனால் ப்ரொவைடட் என்பதற்குப் பின்னால் தட் வந்தால் பொருள் மாறி "என்ற நிபந்தனையின் பேரில்" என்றாகிவிடும். தங்குமிடம் உண்டு என்று நினைத்துக் கையெழுத்து வைத்தவருக்கு, அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் தங்குமிடம் இல்லை.

ஒரு மாலைக்குள் இவை எல்லாம் பிடிபடாது. ஆகவே நாளைக்கே என்று சொல்பவரிடம் பிரதி ஒன்றைக் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துவந்து வாசிக்க இரண்டு நாள் கேளுங்கள். தர மறுத்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். பிரதியை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், வரி வரியாகச் சேர்ந்து வாசிப்போம். அதற்காக வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.